கல் தேய்க்கும் அறைக்கு ஒரு பலகை

பாக்கியவதிக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். நர்ஸ் படிப்புக்குப் போன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில், காலில் ஆணி குத்தி வந்த ஒருவனுக்குக் கட்டுப் போடப் போனவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆணி குத்தியவன் நொண்டிக்கொண்டே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

பெரிய சிஸ்டர் இரக்கமுள்ளவர். அவளை வீட்டுக்கு அனுப்பாமல், வார்டுகளுக்கு அறிவிப்புப் பலகை எழுதும் வேலையில் உட்காரவைத்தார். அதுவரை சுவரில் 'சுகாதாரம் பேணுக' என்று இருந்தது. யாரும் பேணவில்லை. பாக்கியவதி அதைக் கழற்றிவிட்டு, 'கட்டிலுக்கு அடியில் வெற்றிலை எச்சில் துப்புகிறவர், வீட்டுக்குப் போகுமுன் அந்தக் கட்டிலுக்கு அடியில் தாமே கழுவ வேண்டும். வாளி இங்கே' என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வாளியையும் வைத்தாள். வாளி புதிதாகவே இருந்தது. துப்புவது நின்றுபோனது.

அந்த வார்டில் குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்து படுத்திருந்தார் சிவகாசி உக்கிரபாண்டி. பெயர்தான் அப்படி, ஆள், பல்லி சொன்னால்கூட நின்று யோசித்துவிட்டு நடப்பவர். சிவகாசியில் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடிக்கும் லித்தோ அச்சகம் வைத்திருந்தார். வாயில் வெற்றிலையோடு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு கிடந்தவருக்கு, இதை எழுதியவர் தன் அச்சகத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றிவிட்டது. அவருடைய ஆட்களில் ஒருவரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. சத்தம் போட அவருக்குப் பயம். பலகைக்குப் பயமில்லை அல்லவா?

இப்படித்தான் அறுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் பாக்கியவதி சிவகாசிக்கு வேலைக்கு வந்தாள். அவளுடைய அப்பா தேவாசீர்வாதம் சூலக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். அவருக்கு இது பிடிக்கவில்லை. தம் பள்ளியிலேயே தையல் டீச்சர் வேலை காலியாக இருக்கிறது, மகள் அதில் சேர்ந்து தம் கண்ணெதிரே காஜா எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவருடைய திட்டம். வீட்டில் மணியடித்துச் சாப்பிடக் கூப்பிடுகிறவர் அவர். பகலிலும் அதே மணியைக் கேட்பது பாக்கியவதியால் ஆகாது.

"தீபாவளி லோடு போற வரைக்கும் விடுங்கப்பா. அதுக்குள்ள முதலாளி என்னய வேண்டாமின்னுட்டா, நானே வந்து ஊசியில நூலு கோக்கேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அதற்கு மேல் ஒரு வாரம்கூட அவர் பொறுக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

அச்சகத்தில் தகராறு இதுதான். லேபிள் படத்தை ஓவியர் ஒரு சீமைக் கல்லின் மேல் வரைவார். மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் விழும். நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். வேலை முடிந்ததும் கல்லின் மேல் மணலும் தண்ணீரும் போட்டு இன்னொரு கல்லால் தேய்த்தால் படம் போய்விடும். கல் அடுத்த படத்துக்கு ஆயிற்று. கல்லோ ஒரு காலத்தில் கப்பலேறி ஜெர்மனியிலிருந்து வந்தது. புதிதாக வாங்க வழியில்லை. ஆகவே எந்தக் கல்லை வைப்பது, எதைத் தேய்ப்பது என்பதில்தான் அச்சகத்தின் பிழைப்பே இருந்தது.

அதைக் கெடுக்கவென்றே வெம்பக்கோட்டையிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தார் சங்கிலிமுத்து. மயிலேறி மார்க் கம்பி மத்தாப்பின் சொந்தக்காரர். முருகன் மயில்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு லேபிள் அவருக்கு வேண்டும். அவ்வளவுதான். முதலில் வரைந்ததைப் பார்த்துவிட்டு, மயில் பட்டினி கிடந்த மாதிரி இருக்கிறது என்றார். மயிலைக் கொழுக்கவைத்து வரைந்தால், வேல் சின்னதாகிவிட்டது என்றார். வேலை நீட்டினால் முருகன் முகம் தூங்கிவழிகிறது. முகத்தைத் தெளியவைத்தால், "சிரிப்பு கூடிப்போச்சு. கைமாத்துக் கேட்டு வந்தவரு மாதிரி இருக்காரு" என்றார். பிறகு அவருடைய மைத்துனர் பேச்சைக் கேட்டு மீசை வைக்கச் சொன்னார். வைத்ததும் முருகன் அந்த மைத்துனரைப் போலவே ஆகிவிட்டார். மீசையை எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும், "முந்துனதும் இருக்கட்டும். ஒத்துப் பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். சம்மதம் வரும்வரை கோட்டுப் படம் மட்டும்தான்; அப்படியும் ஆறு கற்களில் ஆறு முருகர்.

எந்தப் படம் நடப்பு, எது பழசு, எது போகலாம் என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதிவைக்க வேண்டியதுதான் பாக்கியவதியின் வேலை. முதல் வாரம் அவள் எழுதி மாட்டிய பலகை இது:

'புதிய படத்துக்கு வாடிக்கையாளர் சம்மதித்ததும், பழைய படம் உள்ள கல்லை உடனே அழிக்கவும்.'

கல் தேய்க்கிற ஊர்க்காவலன் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். மணல் சலித்துக் கொடுக்கிற குருவம்மாளுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். கடைசிச் சொல் வந்ததும் நிறுத்தினார். பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

நாலு நாள் கழித்து உக்கிரபாண்டி கையில் ஒரு கத்தை லேபிளோடு வந்தார். சாத்தூர்க்காரர் ஒருவரின் கிளி மார்க் தீப்பெட்டி லேபிள். பச்சை, மஞ்சள், கறுப்பு எல்லாம் சரியாக இருந்தன. ஒரு கிளிக்கும் மூக்கு இல்லை.

"நர்ஸம்மா, செவப்புக் கல்ல தேச்சுட்டாக. அதுலதான் மூக்கு இருந்துச்சு. கிளி இனி எதை வச்சுப் பழந் தின்னும்னு சாத்தூர்க்காரரு கேக்காரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

பாக்கியவதி கல் அறைக்கு ஓடினாள். ஊர்க்காவலன் நிமிராமலே பதில் சொன்னார்.

"அவசர ஆர்டருக்குக் கல்லு வேணுமின்னு முதலாளி சொன்னாக. பழைய கல்ல அழிங்கன்னு நீங்க எழுதியிருக்கீக. பழைய கல்லு அம்புட்டும் சாமி. சாமிய அழிச்சா என் வீட்டுல அடுப்பெரியுமா? கிளிதான் ஒண்ணுஞ் சொல்லாம இருந்துச்சு."

"அது நடப்பு வேலைண்ணே. பாதி அடிச்சிக்கிட்டிருந்தாக."

"இருக்கட்டும். கிளி கனவுல வந்து கேக்காதுல்லா."

அப்போதுதான் அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று சுவரோரமும் கற்கள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் லட்சுமி, பிள்ளையார், மாரியம்மன், சங்கிலிமுத்துவின் ஆறு முருகர். எல்லோருக்கும் குங்குமம். மீசை வைத்த முருகருக்கு மட்டும் கூடுதலாக ஒரு அரளிப்பூ. சாமியல்லாத ரயில், சிங்கம், குடை பிடித்த பெண் படங்களெல்லாம் எப்போதோ தேய்ந்து போயிருந்தன. அச்சகத்தின் பாதிக் கல் கோயிலாகிவிட்டது.

பின்னாலேயே வந்திருந்த உக்கிரபாண்டி தொண்டையைச் செருமினார். அவரால் முடிந்த மட்டும் கண்டிப்பாகப் பேசினார். "ஆவணி பொறந்தா தீபாவளி ஆர்டரு கொட்டும். வெறுங்கல்லு பத்தாவது வேணும். அடுத்த வெள்ளிக்கு சங்கிலிமுத்து அண்ணாச்சி வாராக. அதுக்குள்ள இந்தப் பலகை சரியாகலைன்னா..." மேலே சொல்லப் பயந்து நிறுத்திக்கொண்டார். பாக்கியவதியின் காதில் சூலக்கரை மணி கேட்டது.

அவள் சொல்லை மாற்றினாள். 'அழிக்கவும்' என்பதை எடுத்துவிட்டு, 'துடைக்கவும்' என்று போட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தால், எல்லாச் சாமியையும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, பழைய இடத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். சாமிகள் பளிச்சென்று இருந்தார்கள்.

'வேண்டாத கல்' என்று எழுதிப் பார்த்தாள்.

"சாமி எப்பிடிம்மா வேண்டாததாகும்? நாமதான் அவருக்கு வேண்டாதவுகளா ஆகணும்" என்றாள் குருவம்மாள்.

'ஓய்வு பெற்ற கல்' என்று எழுதினாள். அன்று மத்தியானம் முழுக்க, பிள்ளையாருக்கு என்ன பென்ஷன் வரும் என்பதைப் பற்றியே பேச்சு. ஓவியர் சவரியப்பன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வந்து கலந்துகொண்டார். எல்லாச் சாமியையும் வரைந்தவர் அவர்தான்; காலையில் சர்ச்சில் பூசை கண்டுவிட்டு வந்து, பத்து மணிக்குமேல் மாரியம்மனுக்கு மூக்குத்தி போடுகிறவர். தம் படம் ஒன்றும் தேயாமல் கும்பிடப்படுவதில் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். "எங்க சர்ச்சுல எனக்கு வரைய ஒரு சுவரு கூடக் குடுக்கல. இங்கன பாருங்க, பூவே வச்சிருக்காக" என்றார். அவரிடமிருந்து உதவி வராது என்று தெரிந்தது.

வியாழக்கிழமை காலை முதலாளி அறைக்கு அவள் போனபோது, சாமி படத்துக்கு முன் இருந்த விளக்கு காற்றில் போயிருந்தது. "முதலாளி, விளக்கு அணைஞ்சுபோச்சு" என்றாள்.

உக்கிரபாண்டி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "காலையிலயே அப்பிடிச் சொல்லாதீகம்மா. மலையேறிருச்சுன்னு சொல்லணும்."

"எது ஏறுச்சு?"

"விளக்குத்தான்."

"எந்த மலையில?"

"அதெல்லாம் கேக்கப்படாது." ஆனால் அவள் கேட்டுக்கொண்டே நின்றதால் சொல்லவேண்டியதாயிற்று. "எங்க கோயில் கொடைத் திருவிழாவுல சின்னச்சாமின்னு ஒருத்தருமேல சாமி வரும். அப்ப பூராச் சனமும் அவரு காலுல விழும், நானும் விழுவேன். கொஞ்ச நேரத்துல சாமி மலையேறிரும். அப்புறம் அவரு வெறும் சின்னச்சாமி. தோளத் தட்டி, ஏலே வந்து காப்பியக் குடிலேன்னு கூப்புடலாம். ஒரு குத்தமும் இல்ல."

பாக்கியவதி விளக்கைக்கூட ஏற்றாமல் திரும்பி ஓடினாள். ஆள் அதே ஆள்தான். சாமி மட்டும் போய்விட்டது. கல்லும் அப்படித்தானே. அவள் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தது கல்லுக்கு என்ன செய்வது என்பதில். கேட்கிறவர்களோ சாமியை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லாத பலகையை எத்தனை தடவை எழுதினால் என்ன?

ஒரு மணி நேரத்தில் புதுப் பலகை தயாராயிற்று.

'மலையேறிய கல்லைத் தேய்க்கலாம். மலையேறாத கல்லில், கிளியே ஆனாலும், கை வைக்கக் கூடாது.'

ஊர்க்காவலன் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "இது சரி" என்றார். பலகையைத் திருப்பி மாட்டவில்லை.

ஆனால் வேலை எளிதில் முடிந்துவிடவில்லை. மலையேற்றுவதென்றால் கற்பூரம் வேண்டாமா? குருவம்மாள் கற்பூரத்தைக் கொளுத்தியபோது, பக்கத்தில் மை கரைக்கிற மண்ணெண்ணெய் டின் திறந்திருந்தது. உக்கிரபாண்டி ஓடிவந்து ஊதி அணைத்துவிட்டு, ஐயோ ஊதிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாக்கியவதி பலகையில் இன்னொரு வரி சேர்த்தாள்: 'கற்பூரம் வாசலுக்கு வெளியே, தெருவில்.' அதன்பிறகு லட்சுமியும் மாரியம்மனும் மளமளவென்று மலையேறினார்கள். தெருவில் போனவர்கள் அச்சகத்துக் கற்பூரத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

முருகர்களிடம் வந்ததும் ஊர்க்காவலன் நின்றுவிட்டார். "இதுல யாரு இருக்கா, யாரு போகணும்னு நான் சொல்லலாமா? எனக்கு மீசைக்காரரைத்தான் பிடிச்சிருக்கு."

"யாரு ஆர்டரோ அவுகளே மலையேத்தட்டும்" என்றாள் பாக்கியவதி. அதுவும் பலகையில் ஏறியது. அதைப் படித்த உக்கிரபாண்டிக்கு வயிற்றில் பழைய தையல் இழுத்தது. வாடிக்கையாளரைக் கல் அறைக்குக் கூப்பிட்டு வேலை சொல்வதா?

வெள்ளிக்கிழமை சங்கிலிமுத்து வந்தார். கையில் பலகாரப் பொட்டலம். மனதில் ஏழாவது முருகர். "மீசைய முழுசா எடுத்தது தப்பு. லேசா, அரும்பு மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

"வரையலாம் அண்ணாச்சி. கல்லு இல்ல. உள்ள வந்து யாரையாவது மலையேத்திக் குடுங்க" என்றாள் பாக்கியவதி.

அவருக்கு விஷயம் புரியும்போது, அவர் ஏற்கெனவே ஆறு முருகருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஊர்க்காவலன், மணல் கூடையோடு குருவம்மாள், கதவுக்கு மறைவில் முதலாளி.

"வேலு இடது கையில இருக்கு" என்றார் சங்கிலிமுத்து, பேச்சை மாற்றப் பார்த்து.

"கல்லுல எல்லாம் மாத்தித்தான் இருக்கும். தாளுல சரியாகிரும்" என்று சவரியப்பன் தம் முகக்கண்ணாடியைக் காட்டினார். கண்ணாடிக்குள் ஆறு முருகரும் வலது கையில் வேலோடு அவரையே பார்த்தார்கள்.

சங்கிலிமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். மனிதர் பக்திமான். வருஷந்தோறும் பழனிக்கு நடப்பவர். இதுவரை, 'இது வேண்டாம், இன்னொண்ணு போடுங்க' என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்ல அவருக்குக் கூசவில்லை. அது படம். இப்போது கடவுளை நேருக்கு நேர் அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

"சும்மா சொல்லுங்க அண்ணாச்சி, வெயில் ஏறுது" என்றாள் குருவம்மாள். "நீங்கதான ஆறு பேரையும் கூப்பிட்டீக. கூப்பிடத் தெரிஞ்சவுகளுக்கு அனுப்பத் தெரியாதா?"

அவர் பட்டினி மயிலின் முன் நின்று, பிறகு கொழுத்த மயிலின் முன் நின்று, கடைசியில் கைமாற்றுச் சிரிப்பு முருகர் எதிரில் கைகூப்பினார். மெதுவாகச் சொன்னார்: "போயிட்டு வாங்க சாமி."

ஊர்க்காவலன் கையிலிருந்த தேய்ப்புக் கல்லைக் கீழே வைத்துவிட்டார். "முடியாது."

"ஏன்யா? சொல்லிட்டேன்ல?"

"வாங்கன்னு சொல்லிட்டீகளே. வந்து பாத்தா உக்கார இடம் இருக்காது. நாந்தான தேச்சேன்? என்னயத்தான் கேப்பாரு."

"பின்ன 'போங்க'ன்னா சொல்லச் சொல்லுத? வீட்டுக்கு வந்த விருந்தாளிய யாராவது வெறும் 'போங்க'ன்னு சொல்வாகளா? சாமியச் சொல்வாகளா?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். உக்கிரபாண்டி கதவுக்குப் பின்னாலிருந்து பாக்கியவதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தையல் டீச்சர் வேலை முழுவதும் இருந்தது.

பாக்கியவதி சவரியப்பனிடம் கேட்டாள். "அண்ணே, இந்தக் கல்லுலருந்து ஒரு தாளு எடுத்து வச்சுக்கிட்டா, பின்னால அதைப் பாத்து இதே படத்த இன்னொரு கல்லுல வரைவீகளா?"

"அச்சு அசலா வரைவேன். என் கைதானே."

"அப்ப சாமி கல்லுலருந்து எறங்கித் தாளுல ஏறிக்கிடட்டும். அலமாரியில பத்திரமா இருப்பாரு. அண்ணாச்சி கூப்பிட்டா தாளுலருந்து எந்தக் கல்லுக்கும் வருவாரு. போயிட்டு வரலாம்லா?"

ஊர்க்காவலன் யோசித்தார். மணலைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "தாளுல எடுத்த பெறகு கல்லு வெறுங்கல்லு?"

"வெறும் சின்னச்சாமி" என்றார் உக்கிரபாண்டி, கதவுக்கு வெளியே வந்து. அவர் கல் அறையில் அப்படித் தைரியமாகப் பேசியதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒவ்வொரு முருகராகத் தாளில் ஏறினார். தெருவில் கற்பூரம் எரிந்தது. சங்கிலிமுத்து ஒவ்வொருவரையும், போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவரைப் போல வழியனுப்பினார். கடைசியில் முதன்முதலில் வரைந்த பட்டினி மயில் முருகர் மட்டும் மிஞ்சினார். அவரைப் பார்த்து நின்ற சங்கிலிமுத்துவின் சட்டை நனைந்திருந்தது.

"ஏழாவது எப்ப வரையட்டும்?" என்று சவரியப்பன் கேட்டார்.

"வேண்டாம்யா. இன்னொருத்தரக் கூப்பிட்டு, இன்னொருத்தர அனுப்பி... என்னால ஆகாது. மயிலு ஒல்லியா இருந்தா என்ன, நல்லாப் பறக்கும்." பலகாரப் பொட்டலத்தை ஊர்க்காவலனிடம் கொடுத்துவிட்டு, அன்றே அச்சுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வெம்பக்கோட்டைக்குப் போய்விட்டார்.

பலகையில் கடைசி வரி அன்று சாயங்காலம் சேர்ந்தது: 'மலையேற்றுமுன் ஒரு தாளில் எடுத்து வைக்கவும். கூப்பிட்டால் வருவார்.' அந்தச் சீசனில் கல் தட்டுப்பாடு வரவில்லை. கிளிக்குப் புது மூக்கு வந்தது. ஊர்க்காவலன் தன் கையாலேயே அந்தக் கல்லுக்குக் குங்குமம் வைத்தார், இனி யாரும் தவறித் தேய்த்துவிடாமல் இருக்க. மீசைக்காரர் இருந்த தாளை மட்டும் அவர் அடிக்கடி அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

தீபாவளி லோடு போன மறுநாள் தேவாசீர்வாதம் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து இறங்கினார். சட்டைப் பையில் தையல் டீச்சர் வேலைக்கான ஆர்டர். உக்கிரபாண்டி அவருக்குக் காப்பி கொடுத்து, பெருமையோடு கல் அறைக்கு அழைத்துப்போய்ப் பலகையைக் காட்டினார்.

தேவாசீர்வாதம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். சிவப்பு மைப் பேனாவைத் தேடிக் கை தானாகப் பைக்குப் போயிற்று.

"கர்த்தருடைய பிள்ளை எழுதுற எழுத்தா பாக்கியம் இது?"

"நீங்களே திருத்துங்கப்பா. ஆனா இவுக கேட்டு நடக்கணும்."

அவர் பேனாவோடு பலகையின் முன் நின்றார். ஊர்க்காவலனைப் பார்த்தார், சுவரோரம் காலியாக அடுக்கியிருந்த வெறுங்கற்களைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அவர் எழுதி மாட்டிய 'ஒழுக்கம் விழுப்பம் தரும்' நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதன் கீழேதான் பையன்கள் கோலி ஆடுவார்கள். பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"அப்ப இந்தத் தையல் வேலை?"

"அது மலையேறிருச்சுப்பா."

தேவாசீர்வாதம் பலகையின் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு அந்த ஆர்டர் தாளை நாலாக மடித்து, சட்டையின் உள்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"தாள் என்கிட்ட இருக்கட்டும்" என்றார். "கூப்பிட்டா வரணும்லா."